பதினான்காவது ஆணி

ஒரு கட்டிலை அறையை விட்டு வெளியே கொண்டுபோகும்போது கதவு நிலையில் ஒரு கீறல் விழலாம். கை பழகாத ஆள் தூக்கினால் இரண்டு விழலாம். இந்தக் கதவு நிலையில் ஆறு கீறல்கள் இருந்தன. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று.

"தூக்கினவனுக்குக் கட்டில் மேல கோபமா, கதவு மேல கோபமா அக்கா?" என்றான் வாய்தா.

அவனுக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. பத்து வருடம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான். எந்த வழக்குக்கும் வாய்தா வாங்கித் தருவதில் கெட்டிக்காரன். வழக்குகள் எதுவும் முடியவில்லை, வக்கீலின் பிழைப்புதான் முடிந்தது. இப்போது லக்கேஜ் அக்காவிடம் உதவியாளன். அக்கா விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள். அந்த நாற்காலியை விட்டு எழுந்த மறுநாளே துப்பறியும் அலுவலகம் போட்டுவிட்டாள். தொலைந்த பெட்டியைத் தேடாதே, அது யாருக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று தேடு என்பது அவள் கட்சி.

அக்கா விரலை வைத்து ஒவ்வொரு கீறலாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

குணமாகாத நோய் வந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கும் இல்லம் அது. தாழ்வான கட்டடம், பெரிய ஜன்னல்கள், நடைபாதைச் சுவர் நெடுக யாரோ வரைந்த மீன்கள். நோயைத் துரத்துவதாக இங்கே யாரும் வீரம் பேசுவதில்லை. இருக்கிற நாளில் வலி இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இவர்கள் வேலை. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு கட்டில்தான் காணாமல் போயிருந்தது.

"காத்து மெத்தைக் கட்டில் மேடம்," என்றாள் ஹெட் நர்ஸ். "மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். மெத்தைக்குள்ள காத்து மாறி மாறி ஏறி இறங்கும். படுத்திருக்கிற பிள்ளையை நாம புரட்டவே வேணாம். சகோதரர் சங்கத்துல பெரிய விழா வெச்சுக் கொடுத்தாங்க. இந்த அறைப் பொண்ணு ஒன்பது நாள் அதுல படுத்திருந்தா. இப்ப பன்னிரண்டு நாளா சாதாரணக் கட்டில். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் புரட்டணும். ஒவ்வொரு தடவையும் கத்தக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிறா. கத்தித் தொலையேன்னு எனக்கு இருக்கு."

"யார் எடுத்துட்டுப் போனது?"

"நீல யூனிஃபார்ம்ல ரெண்டு பேர். முகமூடி போட்டிருந்தாங்க, இங்க எல்லாரும் போடணும். சர்வீஸுக்குன்னாங்க. நானே இவளைத் தூக்கி நாற்காலில வெச்சு, கட்டிலைக் கொடுத்து, தேங்க்ஸ் வேற சொல்லிட்டு அடுத்த அறைக்கு மருந்து கொடுக்கப் போனேன்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கம்பெனிக்குப் போன் பண்ணினா, நாங்க யாரையும் அனுப்பலைங்கறாங்க."

அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "என்னைக் கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்கறதில்ல."

ஒன்பது வயதுப் பெண். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள், எந்த டாக்டர் கை கழுவாமல் வந்தார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம் என்பதால் இல்லத்தில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வாய்தாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"துப்பறியறவங்களுக்கு அசிஸ்டன்ட்."

"அப்ப மூளை அவங்களுக்கு, பை தூக்கறது நீங்க."

"பையும் அவங்கதான் தூக்கறாங்க. நான் பேசறதுக்கு மட்டும்."

இன்ஸ்பெக்டர் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று ஏற்றுக்கொண்டாள். பிறகு அக்காவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"யூனிஃபார்ம் புதுசு. ஒருத்தர் காலர்ல விலைச் சீட்டு தொங்குச்சு. ஷூ மட்டும் பளபளன்னு, மூஞ்சி பாக்கலாம். வாசல்ல போய் நின்னுட்டாங்க. முன்னாடி பிடிச்சிருந்தவரு சொன்னாரு, 'ஐயோ, நான் உங்களுக்கு இளையவன், உங்களுக்கு முன்னாடி எப்படி வாசல் தாண்டறது?' கட்டிலை உள்ள இழுத்துத் திருப்பினாங்க. அப்புறம் இன்னொருத்தர் விரல் விட்டு எண்ணிட்டு, 'இல்ல, நீங்கதான் மூணு மாசம் மூத்தவர்'னாரு. மறுபடி இழுத்துத் திருப்பினாங்க. மூணாவது தடவை ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போனாங்க."

"மூணு தடவை, தடவைக்கு ரெண்டு பக்கமும் இடி," என்றாள் அக்கா. "கீறல் ஆறு, கணக்கு சரி. வாய்தா, திருடன் அவசரப்படுவான். வாசல்ல நின்னு மூப்பு பாக்கறவன் திருடன் இல்ல."

"பின்ன?"

"சகோதரர் சங்கத்து உறுப்பினர்."

வாய்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, நம்மளைக் கூப்பிட்டதே அந்தச் சங்கத்துப் பெரியவர்தானே! நேத்து நிருபரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு போன்ல அழுதாரே!"

"அதான் எனக்கும் புரியல. நட."

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டாள். "எப்ப கிடைக்கும்?"

எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்று இழுத்துப் பழகிய வாய்தா வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு."

*

சகோதரர் சங்கத்தின் கூடத்துக்குள் நுழைந்ததும் வாய்தாவுக்குச் செருப்பைக் கழற்றுவதா, சல்யூட் அடிப்பதா என்று தெரியவில்லை. கூடத்தின் நடுவில் நீளமாக ஒரு மேஜை, அதன் மேல் தரை வரை தொங்கும் கருஞ்சிவப்பு வெல்வெட். அதைச் சுற்றிப் பதினெட்டு நாற்காலிகள், ஒவ்வொன்றும் முந்தினதை விட அரை விரல் உயரம் குறைவு. பெரிய சகோதரரின் நாற்காலியில் ஏற ஒரு படி இருந்தது.

பெரிய சகோதரர் எழுபது வயதுக்காரர். தோளில் தங்கச் சரிகைப் பட்டை. கண்ணில் நிஜமாகவே ஈரம்.

"எங்க கட்டிலைத் தொட்டவனை விடக்கூடாதும்மா. குழந்தைங்க வயித்தெரிச்சல் சும்மா விடாது. அந்த இல்லத்துக்கு இது எங்களோட பதினாலாவது கொடை. எழுத்துச் சகோதரரே, காட்டுங்க."

தீர்மானப் புத்தகம் எழுதும் சகோதரருக்கு எழுத்துச் சகோதரர் என்று பட்டம். ஒல்லியாக, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய சுவரில் வரிசையாகப் பதின்மூன்று படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு பித்தளைத் தகடு. சுவர்க் கடிகாரம். தண்ணீர்க் கூஜா. மர பெஞ்சு. பன்னிரண்டு கரண்டி அடங்கிய ஒரு பெட்டி. அந்தக் கரண்டிப் பெட்டியைப் பதினெட்டு பேர் ஆளுக்கொரு விரல் வைத்துப் பிடித்திருந்தார்கள். எந்தப் படத்திலும் குழந்தைகள் ஓரத்தில்தான் இருந்தார்கள், ஒன்றிரண்டில் பாதிக் குழந்தை.

"கரண்டி கனமோ?" என்று வாய்தா விசாரித்தான்.

அக்கா பதினான்காவது இடத்தில் நின்றாள். தகடு இருந்தது. ஆணி இருந்தது. படம் இல்லை.

"பிரேம் போடப் போயிருக்கு," என்றார் எழுத்துச் சகோதரர், யாரும் கேட்காமலே.

"மூணு வாரமாவா? மரம் நட்டு வளர்த்தா பிரேம் செய்யறாங்க?" என்றான் வாய்தா.

எழுத்துச் சகோதரர் மறுபடி நெற்றியை ஒற்றினார்.

படங்களுக்குப் பக்கத்தில் சங்க விதிகள் ஒரு பலகையில் எழுதித் தொங்கின. பழைய தொழில் தோஷம், வாய்தா விடாமல் படித்தான். இளையவர் மூத்தவருக்கு முன் வாசல் தாண்டலாகாது. மூத்தவரின் குறையை இளையவர் எடுத்துச் சொல்லலாகாது. ஒன்பதாம் விதி கொஞ்சம் நீளம். கொடையின் படம் ஆணியில் ஏறிய பின்பே அது கொடை. படத்தில் எந்தச் சகோதரரின் கண்ணும் மூடியிருக்கலாகாது. ஏறிய படம் என்றைக்கும் இறங்காது.

"எல்லாப் படத்துலயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கீங்க," என்றாள் அக்கா, பெரிய சகோதரரைப் பார்த்து. "இப்ப போடறதில்லையா?"

பெரியவர் முகம் மலர்ந்தது. "ஆறு மாசம் முன்னாடி ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன். வெயிலே கூசறதில்ல. இப்ப பாருங்க, கழுகுப் பார்வை." சொல்லிக்கொண்டே சாய்ந்தார். சாய்ந்தவர் இமைகள் மெதுவாக இறங்கின. தலை ஆடியது.

வாய்தா குனிந்து பார்த்தான். மனிதர் நன்றாகவே தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாங்க விசாரணையைத் தொடரலாமா?" என்றாள் அக்கா.

"ஆகட்டும்," என்றது தூக்கம்.

வாய்தாவுக்குக் கை அரித்தது. "போகும்போது உங்க காரை ஓட்டிக்கிட்டுப் போகலாமா?"

"ஆகட்டும்."

அக்கா அவன் காலை மிதித்தாள். அவன் சமாளித்துக்கொண்டு, கையில் கொடுத்திருந்த காபியை வெல்வெட் மேஜை மேல் வைத்தான். கோப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாதிக் காபி வெல்வெட்டில் பரவியது.

எழுத்துச் சகோதரர் போட்ட சத்தத்தில் பெரியவரே விழித்துக்கொண்டார். "தொடாதீங்க! அதை யாரும் தொடாதீங்க!" என்று எழுத்துச் சகோதரர் கைகளை விரித்து மறித்தார்.

"துணி துவைச்சா போயிடுங்க," என்றான் வாய்தா. அரைக் கோப்பை காபிக்கு ஒரு மனிதன் இவ்வளவு வெளுப்பானா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அக்கா காபிக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "போட்டோ ஸ்டுடியோ எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

*

ஸ்டுடியோக்காரர் பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் காத்திருந்தவர் போலிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பிரேமா? நீங்க வேற மேடம். படமே தேறல. இருபது தடவை க்ளிக் பண்ணினேன், இருபதுலயும் பெரியவர் தூங்கறார். இதுக்கு முன்னாடி கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாரா, உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? இந்தத் தடவைதான் கழட்டிட்டார்."

கம்ப்யூட்டர் திரையில் படத்தைக் காட்டினார். மெத்தைக் கட்டிலைச் சுற்றிப் பதினெட்டு பட்டைகள், பதினெட்டு தொப்பிகள். நடுவில் பெரிய சகோதரர் நின்றபடியே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்திலேயே கட்டிலின் பயன் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று பட்டது வாய்தாவுக்கு.

"கண்ணைத் திறந்து கொடுன்னு எழுத்துச் சகோதரர் கேட்டார். பெரியவரோட திறந்த கண்ணு என்கிட்ட ஒண்ணு கூட இல்ல. என் மச்சான் கண்ணை எடுத்து ஒட்டிப் பார்த்தேன்." அடுத்த படத்தைக் காட்டினார். பெரிய சகோதரர் கைமாத்து கேட்க வந்தவர் மாதிரி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். "வேணாம்னுட்டாங்க. எங்க சங்கத்துல பொய்க்கு இடமில்லைன்னார்."

"பெரியவர் இதைப் பார்த்தாரா?" என்றாள் அக்கா.

"அவர்கிட்ட யார் காட்டறது? நீங்க தூங்கிட்டீங்கன்னு அவர்கிட்ட சொல்ல அந்தச் சங்கத்துல ஒருத்தருக்கும் அதிகாரம் கிடையாதாம். ஏதோ விதியாம்."

வெளியே வந்ததும் வாய்தா கையைத் தட்டினான். "முடிஞ்சுது அக்கா. படம் கெட்டுப்போச்சு. படம் ஆணில ஏறாதவரைக்கும் அது கொடையே இல்ல, விதி ஒன்பது. கொடுக்காத பொருள் அங்க இருக்கலாமா? யூனிஃபார்ம் வாங்கி மாட்டிக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வந்துட்டாங்க. பெரியவர் நாடகம் ஆடறார்."

"நாடகம் ஆடறவர் நம்மகிட்ட எதுக்குக் கண் ஆபரேஷன் பெருமை பேசறார்? அவருக்கு அந்தப் படத்தைப் பத்தித் தெரியாது வாய்தா. யார் எடுத்தாங்கன்னும் தெரியாது. அந்த அழுகை நிஜம்."

"அப்ப அவர் பேர்ல தப்பில்லையா?"

"அப்படி நான் சொல்லல," என்றாள் அக்கா. நடையில் வேகம் கூடியிருந்தது. "ஒண்ணு கேக்கறேன். உன் அனுபவத்துல, எந்த மரமேஜை மேல கோப்பை வெச்சா உள்ள அமுங்கும்?"

வாய்தா நடுத்தெருவில் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டியது அவன் காதில் விழவில்லை.

*

அவர்கள் திரும்பியபோது கூடத்தில் பதினெட்டு பேரும் கூடியிருந்தார்கள். கட்டில் திருட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் 'வன்மையாக' என்றும் மீதிப் பேர் 'மிக வன்மையாக' என்றும் போட வேண்டும் என்றார்கள். அந்தச் சண்டை நாற்பது நிமிடமாக நடக்கிறதாம்.

அக்கா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராகப் போய் வெல்வெட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தட்டுகளும் தொப்பிகளும் உருண்டன. காற்று இறங்கிய மெத்தை, இரும்புச் சட்டம், காலடியில் மோட்டார். கால்மாட்டில் குழந்தை ஒட்டிய மீன் ஸ்டிக்கர் கூட அப்படியே இருந்தது.



"கண்டுபிடிச்சுட்டீங்களே!" என்று பெரிய சகோதரர் எழுந்தார். "எங்க கூடத்துலயே கொண்டுவந்து வெச்சிருக்கானே பாவி! யார்? யார் அந்தத் திருடன்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"தீர்மானப் புத்தகத்தைக் கொடுங்க," என்றாள் அக்கா. எழுத்துச் சகோதரர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாய்தா பூப் பறிப்பது போல அதை உருவிக்கொண்டான். கோர்ட்டுக் கட்டுகளில் பழகிய விரல்கள் பக்கத்தைச் சட்டென்று பிடித்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்.

"'தீர்மானம் நாலு. கட்டில் கொடையின் படம் தகுதி பெறாமையால் மேற்படிக் கொடை நடைபெறவில்லை என்று தீர்மானிக்கப்படுகிறது. கட்டிலை ஓசையின்றி மீட்டு வந்து, ஆண்டு விழாவில் புதிதாக வழங்குவது. ஆண்டறிக்கையில் இரண்டு கட்டில்கள் என்று குறிப்பது.' அடேங்கப்பா! இங்க பொய்க்கு இடமில்லைன்னாங்களே, கட்டில் போட்டு இடம் கொடுத்திருக்கீங்க. ஏகமனதா நிறைவேறியிருக்கு. என் சர்வீஸ்ல தீர்மானம் போட்டுத் திருடின கூட்டத்தை இப்பத்தான் பாக்கறேன்."

"யார் கையெழுத்து?" என்று பெரிய சகோதரர் கர்ஜித்தார். "இதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டவன் எவன்?"

வாய்தா புத்தகத்தைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினான்.

கழுகுப் பார்வை அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தது. சுழித்துச் சுழித்துப் போட்ட கையெழுத்து, கடைசியில் தங்கச் சரிகை மாதிரி ஒரு வால். அந்தச் சங்கத்தில் அப்படிக் கையெழுத்துப் போட ஒருவருக்குத்தான் உரிமை.

"நானா?"

"நீங்கதான் பெரியவரே," என்றார் எழுத்துச் சகோதரர், அழாக்குறையாக. "படிச்சுக் காட்டினேன். 'ஆகட்டும்'னீங்க. பேனாவைக் கையில வெச்சேன், போட்டுட்டீங்க."

"நான் தூங்கறேன்னு தெரியலையாய்யா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. சொல்லக் கூடாதே. விதி இருக்கே."

பெரியவர் பொத்தென்று உட்கார்ந்தார். பதினேழு பேர் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள். அவரைப் பார்த்து வாய்தாவுக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. ஆனால் அவர் அடுத்து வாயைத் திறந்ததும் அந்தப் பாவமும் போய்விட்டது.

"வெளிய தெரிஞ்சா சங்கத்து மானம் போயிடும்மா. ஆண்டு விழாவுக்கு இன்னும் ஏழு வாரம்தான். அதுவரைக்கும் கட்டில் இங்க பத்திரமா இருக்கட்டும். அன்னிக்கு நான் கண்ணை முழிச்சுக்கிட்டே நின்னு, முறையா..."

"ஏழு வாரம்," என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. ஆனால் வாய்தா ஓரடி பின்னால் நகர்ந்தான். அந்தக் குரலை அவன் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறான். "ஐயா, அந்தப் பொண்ணுகிட்ட ஏழு வாரம் இருக்கான்னு அங்க யாருக்கும் தெரியாது. இருக்கிற நாள்ல பன்னிரண்டை நீங்க எடுத்துக்கிட்டீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவ வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா, நீங்க இங்க அவ மெத்தை மேல பிஸ்கெட் தட்டு வெச்சு, வன்மையா, மிக வன்மையான்னு பேசிக்கிட்டிருந்தீங்க. மானத்தைப் பத்திப் பேசறீங்களா? அது இன்னும் இருக்கா?"

எழுத்துச் சகோதரர் கூட நெற்றியைத் துடைக்க மறந்துவிட்டார்.

"விதிப்படி செய்யணும், அவ்வளவுதானே?" என்றான் வாய்தா. பலகையைக் காட்டினான். "கொடைக்கு நாள் குறிக்கணும்னு இதுல இல்ல. எடுக்கறவர் ஸ்டுடியோக்காரரா இருக்கணும்னும் இல்ல. நானே பத்து வருஷம் எல்லாத்தையும் தள்ளிப்போட்டவன். சொல்றேன், கேளுங்க. இதைத் தள்ளாதீங்க. தூக்குங்க."

*

மூன்று மணிக்குப் பதினெட்டு பட்டைகளும் இல்லத்தின் நடைபாதையில் கட்டிலோடு வந்து நின்றன. கதவு நிலையருகே ஊர்வலம் பழையபடி தடைப்பட்டது. மூத்தவரே நீங்கள் என்றார் ஒருவர், ஐயோ நானா என்றார் இன்னொருவர்.

"ஏழாவது கீறல் விழுந்தா நீங்கதான் பெயின்ட் அடிக்கணும்," என்று உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தாள். "யாரு நல்லாத் தூக்குவாங்களோ அவங்க முன்னாடி வாங்க."

அந்தச் சங்கத்தில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பிறகு கடைசி நாற்காலிக்காரர், வேலையில் லாரி மெக்கானிக், தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். கட்டில் ஒரே மூச்சில் உள்ளே போனது.

ஹெட் நர்ஸ் மோட்டாரைப் போட்டாள். மெத்தை மெல்ல எழும்பியது. இன்ஸ்பெக்டரை எல்லாரும் சேர்ந்து அதில் தூக்கி வைத்தார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் தூக்கியவர்கள் ஹெட் நர்ஸும் லக்கேஜ் அக்காவும்தான். சகோதரர்கள் படத்துக்கு வரிசை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாய்தா தன் போனை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தான். "நீங்கதான் எடுக்கணும்."

அவள் அதை இரண்டு கையாலும் மார்பின் மேல் நிறுத்திப் பிடித்தாள். கை கனத்தில் ஆடியது, ஆனாலும் விடவில்லை. பெரிய சகோதரர் இரண்டு விரலால் இமைகளைத் தூக்கிப் பிடிக்கலாமா என்று யோசித்து, கௌரவம் கருதி விட்டுவிட்டார். க்ளிக் சத்தம் கேட்டது.

எழுத்துச் சகோதரர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

படத்தில் முன்பக்கம் முழுக்க மெத்தை. அதன் மேல் போர்வைக்குள் இரண்டு சின்னக் கால்கள். மீன் ஸ்டிக்கர் கூடத் தெளிவாக இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் பதினெட்டு தொந்திகளும் பதினெட்டு சரிகைப் பட்டைகளும் மார்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டன. ஒருத்தருக்கும் தலை இல்லை.

"நல்லா வந்திருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். "கட்டில் முழுசா இருக்கு."

"இது... இது செல்லாது!" என்றார் எழுத்துச் சகோதரர். "தலையே இல்லையே!"

வாய்தா இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பத்து வருடம் கோர்ட்டில் மின்விசிறி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது. "விதி ஒன்பது. 'எந்தச் சகோதரரின் கண்ணும் மூடியிருக்கலாகாது.' இதுல மூடின கண்ணு எங்க இருக்கு, காட்டுங்க. தலை இருக்கணும்னு ஒரு வார்த்தை விதில இருந்தா, நான் உங்க சங்கத்துல சேந்து கடைசி நாற்காலில உக்காந்துக்கறேன்."

பதினேழு பேரும் பெரியவரைப் பார்த்தார்கள். பெரியவர் போனை வாங்கித் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். நடுவில் நிற்கும் தொந்தி தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் கட்டிலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தூக்கம் வருதா தாத்தா?" என்றாள். "எனக்கும் வருது."

அந்தக் குறையை அவரிடம் எடுத்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவளை எந்த விதியும் கட்டுப்படுத்தவில்லை.

"இந்தப் படத்தையே மாட்டுங்க," என்றார் பெரிய சகோதரர். "ஆகட்டும்." இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார்.

"ஏறிய படம் என்றைக்கும் இறங்காது," என்று வாய்தா ஞாபகப்படுத்தினான். எழுத்துச் சகோதரர் அந்த நாளின் தீர்மானத்தை மீன் வரைந்த சுவரில் புத்தகத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றே படத்துக்குப் பிரேம் போட்டாயிற்று. மரம் நட்டு வளர்க்கவில்லை, அரை மணி நேரம்தான் ஆனது. பதினான்காவது ஆணியில் அதை அக்காவே மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு இருவரும் மறுபடி இல்லத்துக்குப் போனார்கள். எதற்கு என்று வாய்தா கேட்கவில்லை. நடைபாதையில் நின்றார்கள். ஹெட் நர்ஸ் வழக்கம் போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, புரட்டிப் போடுவதற்காக இரண்டு சட்டைக் கையையும் மடித்துவிட்டுக்கொண்டு வந்தாள். கட்டிலருகே போய்க் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மோட்டார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாய்தாவுக்கு ஒரு நல்ல ஜோக் வாய் வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினான். ஹெட் நர்ஸ் மடித்த கையை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக்கொண்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அந்த அறையில் ஐந்து மணிக்கு யாரும் பல்லைக் கடிக்கவில்லை.